வெண்ணந்தூரைச் சுற்றி நிற்கும் மலைகள்

வெண்ணந்தூர் சமவெளி ஊர். நாமக்கல் மாவட்டத்தில் ராசிபுரத்தை அடுத்த பேரூராட்சி. ஏரியும் தறிச் சத்தமும் அதன் அடையாளங்கள். ஆனால் ஊரெல்லை தாண்டி எந்தப் பக்கம் நடந்தாலும் கண் ஒரு மலையில் போய்த்தான் நிற்கும். பக்கத்திலேயே அலவாய்மலை. கிழக்கே போதமலை. அதற்கு வடக்கே சேலத்தை ஒட்டி ஜருகுமலை. வானம் வெளுத்திருக்கும் நாட்களில் வடக்கே சேர்வராயன் மலையின் நீண்ட முதுகும் தென்கிழக்கே கொல்லிமலையின் சமமான மேல்விளிம்பும் தெரியும். வடமேற்கே கஞ்சமலை, தென்மேற்கே திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கரடுகள். கடல் மட்டத்திலிருந்து 200 முதல் 300 மீட்டர் உயரத்தில் கிடக்கும் இந்தச் சமவெளியில், ஒன்றோடொன்று ஒட்டாமல், மலைகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன.

நிலவரைபடத்தில் இவை எல்லாவற்றுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை என்று ஒரே பெயர். அந்தப் பெயரில் உள்ள தொடர்ச்சி தரையில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய இடைவெளியில்லாத சுவர். பாலக்காட்டுக் கணவாய் போன்ற சில இடங்களில்தான் அது திறக்கிறது. கிழக்கில் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆகிய ஆறுகள் மலைகளை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. தமிழ்நாட்டுக்குள் வந்தபின் ஜவ்வாது, கல்ராயன், சித்தேரி, சேர்வராயன், கொல்லி, பச்சை என்று அவை தனித் தனி மலைகளாகவே பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றையும் முழுதாகச் சுற்றி வர முடியும். ஒரே மலையை ராசிபுரத்துக்காரர் ஒரு முகமாகவும் துறையூர்க்காரர் வேறு முகமாகவும் அறிவார்கள். நீலகிரி, ஆனைமலை போன்ற இடங்களில் மலைக்குள் மலையாக அடுக்கிக்கொண்டே போகும் காட்சிக்குப் பழகியவர்கள் இந்த வட்டாரத்தை மலைநாடாக எண்ணுவதே இல்லை. அது நியாயமான கணக்கு அல்ல. இங்கே ஒரு மலையின் அடி, இடை, முடி மூன்றையும் ஒரே பார்வையில் காணலாம். பெருமலைத் தொடர்களில் அது எளிதில் வாய்க்காது.

இந்த மலைகளின் கதையைக் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொல்லிமலை, சேர்வராயன் ஆகிய பெரிய மலைகளின் உடம்பில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறை. கருமையில் பச்சை கலந்த நிறம். புதிதாக உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளிலும் இதே கல்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்திருந்த பலகை இந்த வகைக் கல் என்பதைக் கண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். இன்று அண்டார்டிகாவில் கிடைக்கும் இதே வகைப் பாறைக்கும் அதுதான் பெயர். சேலம், திருச்சி வட்டாரங்களின் பாறை அமைப்பைப் பற்றி வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் எழுதிய விரிவான அறிக்கை அதற்கும் முப்பது ஆண்டு முந்தியது, 1864இல் வெளிவந்தது.

சார்னோக்கைட் தரையின் மேற்பரப்பில் உருவாகிற கல் அல்ல. இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், நீரின் சாயல் ஏறக்குறைய இல்லாத இடத்தில் அது இறுகுகிறது. இந்த வட்டாரத்துப் பாறைகள் அப்படி இறுகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கியது சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இமயம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சேலம், நாமக்கல் மலைகளோ, மேலே கிடந்ததையெல்லாம் மழையும் காற்றும் கரைத்துக்கொண்டு போனபின் மிஞ்சிய ஆழத்துப் பாறைகள். கொல்லிமலைச் சாலையோரத்தில் வெட்டிய பாறை முகத்தைத் தொடுகிறவர் ஒரு காலத்தில் பூமிக்குள் மிக ஆழத்தில் இருந்த பொருளைத் தொடுகிறார். உயரத்தை வைத்து மலைகளை வரிசைப்படுத்தும் பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் முற்றிலும் பயனற்றது.

சில இடம் மலையாகவும் சில இடம் வெளியாகவும் ஆனதற்கும் கல்லே காரணம். சார்னோக்கைட் மெதுவாகக் கரையும். அதைச் சுற்றிக் கிடந்த நீஸ் பாறைகள் அதைவிட வேகமாக உதிர்ந்து செம்மண் ஆயின. பழங்காலத்தில் பாறை நொறுங்கி நகர்ந்த பிளவுக் கோடுகள் இன்னும் எளிதில் அரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்குகள் ஆகிவிட்டன. சேலத்திலிருந்து வாழப்பாடி வழியாக ஆத்தூர் போகும் சாலையும் விருத்தாசலம் போகும் ரயில் பாதையும் அப்படிப்பட்ட ஒரு கோட்டின் மேல்தான் செல்கின்றன. வடக்கே சேர்வராயனும் கல்ராயனும், தெற்கே ஜருகுமலை, போதமலை, கொல்லி, பச்சைமலைகளும் நிற்க, நடுவே அகன்ற வாசல் போன்ற அந்தப் பள்ளத்தாக்கில் வசிஷ்ட நதி கிழக்கு நோக்கி ஓடுகிறது.

இந்தப் பழம்பாறைகளுக்கிடையே வேறு கற்களும் ஊடாடிக் கிடக்கின்றன. கஞ்சமலையில் இரும்புத்தாதுப் பட்டைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய உருக்காலை சேலத்துத் தாதுவை நம்பித்தான் தொடங்கியது. இப்போதைய சேலம் உருக்காலை அந்த மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று கிடக்கும் மேக்னசைட் கரடுகளை ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் உள்ள அனார்தோசைட் பாறை இன்னும் அபூர்வமானது. நிலவின் மேட்டுநிலங்களில் உள்ள பாறையோடு அது ஒத்துப்போவதால், சந்திரயான் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இங்கிருந்து கல்லெடுத்து அரைத்து நிலவு மண்ணின் மாதிரியைச் செய்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம் மாடு மேயும் ஒரு மேட்டுக்காட்டுக்கும் நிலவுக்கும் அப்படி ஓர் உறவு.

மலை என்று சொல்லும் அளவுக்கு உயரமில்லாத மொட்டைப் பாறைகளும் கரடுகளும் இந்த நிலத்துக்கே உரிய அழகு. திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்துக் கிரானைட் சார்னோக்கைட்டைவிட மிகவும் இளையது; வயது சுமார் 80 கோடி ஆண்டு. நாமக்கல் நகரத்தின் நடுவில் நிற்பது ஒற்றைப் பாறை. இத்தகைய பாறைகளில் வெடிப்பு குறைவு. வெடிப்பு இல்லாததால் உள்ளே தண்ணீர் இறங்குவதில்லை. தண்ணீர் இறங்காததால் பாறை உள்ளிருந்து அழுகுவதில்லை. காலப்போக்கில் மேல்தோல் மட்டும் தகடு தகடாக உரிந்து விழ, நடுப்பாறை உருண்டு மொழுக்கென்று நிற்கிறது. வெடிப்பில்லாத அதே கல்தான் எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபு மன்னர்களின் சிற்பிகளுக்கு ஏற்றதாக இருந்தது. நாமக்கல் நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகளின் பெருஞ்சிற்பங்கள் பாறையின் உறுதியை நன்றாக அறிந்த கைகளின் வேலை. சேந்தமங்கலம் போகும் வழியில் நைனாமலை கூம்பாக எழுகிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அதன் படிகளில் விடியுமுன்பே கூட்டம் ஏறத் தொடங்கிவிடும்.

கடினப் பாறை மக்களின் தொழிலையும் செதுக்கியிருக்கிறது. தஞ்சையைப் போல ஆழமான வண்டல் இங்கே இல்லை. சில அடி செம்மண். அதன்கீழ் உதிர்ந்த பாறை. பிறகு முழுப் பாறை. தண்ணீர் பாறையின் விரிசல்களில் மட்டுமே கிடைக்கும். பாறையை வெடிவைத்து உடைத்து இறக்கிய அகலமான கிணறுகள் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் எங்கும் உண்டு. கிணறுகள் வற்றத் தொடங்கியபின் ஆழ்துளைக் கிணறு வந்தது. இன்று திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் போய்த் துளை போடுகின்றன. வேறு எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத்தராத பாடத்தைச் சொந்த ஊர்ப் பாறை அவர்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

கொல்லிமலையின் தனிச்சிறப்பு அதன் மேல்தளம். காரவல்லி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் கூர்மையான சிகரம் எதுவும் வராது. சோளக்காடு, செம்மேடு என்று ஊர்களும், நடுநடுவே குன்றுகளும், பள்ளங்களில் நெல் வயல்களும் கொண்ட ஒரு தனி நாடே விரிகிறது. ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பு; உயரம் 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் வரை. சேர்வராயன் மலையும் இப்படி மேல்தளம் கொண்டதே, ஆனால் அது இன்னும் உயரம்; அதன் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. ஏற்காடு அந்தத் தளத்தின் மேல் இருக்கும் ஊர்.

சமமான மேல்தளமும் ஈரமும் கூடும்போது பாறை வேறு விதமாகக் கரைகிறது. மழைநீர் சரிந்து ஓடிவிடாமல் தங்கி இறங்குவதால், கரையக்கூடிய பொருட்கள் எல்லாம் போய், இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்புரைக்கல் போர்வையாக மிஞ்சுகிறது. கொல்லிமலை, ஏற்காடு உச்சிகளில் இருக்கும் பாக்சைட் அப்படி உண்டானதுதான். மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக இரண்டு மலைகளின் தலையையும் பல ஆண்டுகள் தோண்டினார்கள். அந்தப் போர்வையின் உண்மையான மதிப்பு அலுமினியத்தில் இல்லை. துளைகள் நிறைந்த அந்த அடுக்கு மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடுகிறது. தை, மாசியில் சமவெளிக் கிணறுகள் வற்றும்போதும் மலைப்பள்ளங்களில் ஊற்று ஓடுவதற்கு அதுவும் அதன்மேல் நிற்கும் காடும் காரணம். அதைச் சுரண்டி எடுத்த இடத்தில் மரம் நடலாம். அந்த அடுக்கைத் திரும்ப வைக்க முடியாது.

கொல்லிமலையின் தலையில் விழும் மழை எந்தச் சரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் பயணமே மாறிவிடுகிறது. மேல்தளத்தில் சேரும் ஐயாறு அறப்பளீஸ்வரர் கோயிலைத் தாண்டியதும் சுமார் 300 அடி ஆழத்துக்கு ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்துக்குள் இறங்கிக் காவிரியை நோக்கிச் செல்கிறது. தென்மேற்குச் சரிவின் நீர் கரைபோட்டான் ஆறாகி, இதுவும் காவிரிக்கே போகிறது. வடகிழக்குப் பக்கம் இறங்கும் நீரோ தம்மம்பட்டி வழியாகச் சுவேத நதியில் ஓடி, வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டைக் கடலை அடைகிறது. ஒரே மேட்டின் இரு பக்கத்து மழையில் ஒரு பாதி டெல்டாவுக்கும் மறுபாதி கடலூர் மாவட்டத்துக்கும் போகிறது.

வெண்ணந்தூர் வட்டாரத்தின் ஆறு திருமணிமுத்தாறு. சேர்வராயன் சரிவில் பிறந்து, சேலம் நகரின் நடுவே புகுந்து, உத்தமசோழபுரம், ஆட்டையாம்பட்டி, மதியம்பட்டி என்று தெற்கே வந்து, பரமத்தி வேலூருக்கு அருகில் காவிரியில் சேர்கிறது. பிறந்த இடத்தில் அது தெளிந்த ஓடை. சேலத்தைத் தாண்டும்போது நகரத்தின் சாக்கடையும் சாயக் கழிவும் ஏறிவிடுகின்றன. வெள்ளம் வரும் நாட்களில் மதியம்பட்டித் தடுப்பணையில் நுரை மலைபோல் எழும்பிச் சாலைக்கே வந்துவிடும். மலை அனுப்பும் தண்ணீர் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் இந்தக் கதிக்கு ஆளாவதைப் பொறுத்துக்கொள்வதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மழையைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிடுகிறது. ஆடியில் இங்கே கிடைப்பது காற்றுதான். ஆவணி, புரட்டாசி மாலைகளில் வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் காற்று மலைகளில் மோதி மேலேறி, இடியோடு மழையாகக் கொட்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. சமவெளிக்கு ஆண்டில் 700, 800 மில்லிமீட்டர். ஏற்காட்டு உச்சிக்கு ஏறக்குறைய அதன் இரு மடங்கு. ராசிபுரம் ஏரிகளும் வெண்ணந்தூர்ப் பக்கத்துக் குட்டைகளும் நிரம்புமா என்பதை மலையின் மேல் எத்தனை நாள் மூட்டம் தங்கியது என்பதை வைத்தே விவசாயிகள் கணிப்பார்கள்.

அடிவாரத்திலிருந்து மேலே போகப் போக மரங்கள் மாறுவது படி வைத்தது போல் தெளிவாக இருக்கும். கீழே வெள்வேல், கிளுவை, கள்ளி, ஆவாரை என்று முள்ளும் புதருமான காடு. இலையைப் பொடித்துத் தலைக்குத் தேய்க்கும் அரப்பு மரம் இந்தக் கரடுகளில் தாராளம். சற்று மேலே வேங்கை, மூங்கில், சந்தனம். மாசி, பங்குனியில் இந்த மரங்கள் இலையுதிர்த்துவிடும். அப்போது பிடிக்கும் காட்டுத்தீ இரவில் சமவெளியிலிருந்து செங்கோடாகத் தெரியும். உச்சியை ஒட்டிய ஈரமான மடிப்புகளில் மட்டும் எப்போதும் பச்சையாக இருக்கும் சோலைகள். சேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான கே.எம். மேத்யூ திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்திலிருந்து இந்த மலைகளை விரிவாக ஆராய்ந்து, தமிழகக் கர்நாடிகப் பகுதியின் தாவரங்களைப் பற்றி 1980களின் தொடக்கத்தில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். தனித்து நிற்பதால் இந்த மலைகளின் காடுகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. கொல்லிமலையின் ஒரு சோலை அழிந்தால் அதிலிருந்த சிற்றுயிர்கள் பக்கத்து மலைக்கு நகர்ந்து பிழைக்க வழியில்லை. இடையில் கிடப்பது வெயில் காயும் வெளி.

மலைகளில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளிலேயே அந்தப் பெயர் வழங்குகிறது. அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கொல்லிமலையை வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகப் பிரித்து வழங்குவது இன்றும் ஊராட்சிப் பெயர்களில் நிலைத்திருக்கிறது. சங்க காலத்தில் இந்த மலைக்கு உரியவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததைப் பழம்பாடல்கள் சொல்கின்றன. ஆடி மாதத்தில் அரசு அவன் பெயரில் விழா எடுக்கிறது.

கொல்லிமலையின் சரிவுகளில் விளைந்த சாமை வகைகள் மட்டுமே ஒரு செல்வம்: மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, பெருஞ்சாமை. ஒவ்வொன்றுக்கும் அறுவடைக்காலம் வேறு, ஏற்ற நிலம் வேறு. ஒரே பருவத்தில் நாலையும் விதைத்த குடும்பத்துக்கு ஒரு மழை தவறினாலும் ஏதாவது ஒன்று கை கொடுக்கும். சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியபின் மரவள்ளிக்கிழங்கு மலையேறியது. லாரி வாசலுக்கு வந்து காசு கொடுத்துவிட்டுப் போகும் பயிர் அது. விவசாயியைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு முழுதும் கிளறப்பட்டு அடுத்த மழையில் மேல்மண் இறங்கிவிடுகிறது. சாமையின் சல்லிவேர் அந்த மண்ணைக் கட்டி வைத்திருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதைகளைச் சேகரித்து, ஊர்ப் பெண்கள் குழுக்களைக் கொண்டு சிறுதானியத்தைப் பொருளாக்கி விற்கும் வேலையைச் செய்துவருகிறது. மிளகும் காப்பியும் வாழையும் பலாவும் அன்னாசியும் இருப்பதால் கொல்லிமலைக்குப் பணப்பயிர் பஞ்சமில்லை. ஏற்காட்டில் காப்பி நெடுங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதை அங்கே நட்டார்.

வெண்ணந்தூர் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும் போதமலை இந்த வரிசையில் கடைசியாக உலகுக்குத் திறக்கும் மலை. கீழூர், மேலூர், கெடமலை ஆகிய சிற்றூர்கள் அதன் மேல் இருக்கின்றன. ராசிபுரத்திலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ஆனால் அடிவாரத்து வடுகத்திலிருந்தும் புதுப்பட்டியிலிருந்தும் நடந்துதான் ஏற வேண்டும் என்ற நிலை நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்தும் நீடித்தது. தேர்தல்தோறும் அலுவலர்கள் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாக எடுத்துப் போனார்கள். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு அங்கே சாலை போடும் திட்டத்தை மாநில அரசு கையில் எடுத்தது சாலை கேட்ட மலைமக்களின் கோரிக்கையின் பலன். காட்டின் பெயரால் அந்த மக்களைச் சாலையில்லாமல் விட்டிருந்தது அநீதி.

செங்குத்தான சரிவில் சாலை வெட்டும்போது கவனிக்க வேண்டியது மேலிருந்து வரும் நீரின் பாதை. உதிர்ந்த பாறையின் மேல் மண் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும் மலைகள் இவை. வளைவுதோறும் நீர் இறங்கப் போதிய அகலத்தில் குழாய்ப் பாலமும், வெட்டிய முகத்துக்குக் கல் தாங்குசுவரும் இல்லையென்றால் ஐப்பசி மழையில் மண் சரியும். இது கொல்லிமலை, ஏற்காட்டுச் சாலைகளில் பலமுறை நடந்ததுதான். போதமலையின் நீரில் ஒரு பகுதி வடக்கே பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போகிறது. ஒரு காலத்தில் சேலம் நகரமே அந்த ஏரித் தண்ணீரைக் குடித்தது. வரத்து குறைந்து, சீமைக்கருவேலம் படர்ந்து, இன்று அது நிரம்புவதே அரிது. சரிவில் கொட்டும் மண்ணும் கல்லும் ஓடைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்வது அந்த ஏரிக்கும் ராசிபுரம் பக்கத்து ஏரிகளுக்கும் தேவை. தரமான சாலை அமைந்துவிட்டால் மேலூர்ப் பலாவும் மிளகும் பறித்த அன்றைக்கே ராசிபுரம் சந்தைக்கு வந்துவிடும். மலைக்கு 108 ஆம்புலன்ஸ் வண்டியும் ஏறும்.